கேளுங்க, சொல்றேன்: கடலுக்கு அடியில இன்னொரு கரை

இந்தத் தடவை பெட்டி முழுக்க கடல் பத்தின கேள்விகள்தான். தூத்துக்குடிலருந்து வந்த முதல் கேள்விக்கு உக்காந்து பதில் எழுத எழுத, மத்தவங்க கேட்ட பாதிக்கு மேல அதுக்குள்ளயே அடங்கிருதுன்னு தெரிஞ்சுது, அதனால எல்லாத்தையும் ஒரே இழையில கோத்துட்டேன்.

கேள்வி: நான் சரக்குக் கப்பல்ல டெக்ல வேலை பாக்குறேன். கேப்டவுன்லருந்து டர்பன் போறப்ப எங்க கேப்டன் கரையை ஒட்டியே ஓட்டினாரு, ராத்திரி லைட்ஹவுஸ் வெளிச்சமெல்லாம் நல்லா தெரிஞ்சுது. திரும்பி வர்றப்ப வெளிய தள்ளி ஓட்டினாரு. ஆனா நடுவுல ஒரு நாள் காத்து சட்டுனு திசை மாறவும் கப்பலை உள்ள திருப்பிட்டாரு, சார்ட்ல 200 மீட்டர் ஆழக்கோட்டைத் தாண்டி உள்ள வர்ற வரைக்கும் பிரிட்ஜை (கப்பலை ஓட்டுற மேல் அறை) விட்டு இறங்கவே இல்ல. "எல்லாம் கரண்ட்தான் தம்பி"ன்னு மட்டும் சொன்னாரு. கடலுக்கு அடியில கிடக்குற ஒரு ஆழக்கோட்டுக்கும் மேல ஓடுற நீரோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?
— தூத்துக்குடி வாசகர்

தம்பி, உங்க கேப்டன் மூணு தடவையும் சரியாத்தான் பண்ணியிருக்காரு. அந்தக் கடல்ல ஓடுறது அகுலாஸ் நீரோட்டம். இந்தியப் பெருங்கடலோட தென்பாதியில, ஆப்பிரிக்காவோட கிழக்குக் கரையை ஒட்டி தென்மேற்கா ஓடுது. அகலம் சுமாரா 100 கிலோமீட்டர், ஆழத்துல ரெண்டாயிரம் மீட்டருக்கும் கீழ வரைக்கும் அதோட இழுப்பு இருக்கு, செகண்டுக்கு 7 கோடி கன மீட்டருக்கு மேல தண்ணி போகுது. உலகத்துல உள்ள அத்தனை ஆறும் சேர்ந்து கடல்ல கொட்டுறது செகண்டுக்கு 12 லட்சம் கன மீட்டர் பக்கம்தான் வரும், அப்ப இது எவ்வளவு பெருசுன்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. மேல்மட்டத்துல 4 நாட் (மணிக்கு ஏழு கிலோமீட்டர் சுமார்) வேகம் சாதாரணமா கிடைக்கும், சில நாள் அதுக்கும் மேல. 12 நாட்ல ஓடுற கப்பலுக்கு 4 நாட் எதிர்ல வந்தா மூணுல ஒரு பங்கு வேகம் போச்சு, எண்ணெய்ச் செலவு தனி. அதனாலதான் வடகிழக்கா டர்பன் போறவங்க கரையை ஒட்டி, அந்த இழுப்பு இல்லாத தண்ணியில போறாங்க. தென்மேற்கா வர்றவங்க வெளிய போய் அந்த ஓட்டத்து மேல ஏறிக்கிறாங்க.

இப்ப அந்த 200 மீட்டர் கோட்டுக்கு வருவோம். கண்டம்ங்கறது கடற்கரையோட முடியிறதில்ல, தண்ணிக்குள்ளயும் கொஞ்ச தூரம் கிட்டத்தட்ட சமமா போகும், அதைத்தான் பள்ளிக்கூடத்துல கண்டத்திட்டுன்னு படிச்சோம். 100, 150, 200 மீட்டர் ஆழம் வரைக்கும் மெதுவா இறங்கிட்டு வந்து அதுக்கப்புறம் ஒரே சரிவா 3000, 4000 மீட்டருக்கு விழுந்துடும். அந்த மடங்குற இடம்தான் விளிம்பு. கண்டத்தோட உண்மையான ஓரம் அதுதான், நாம மணல்ல நின்னு பாக்குற கரை சும்மா கடல் மட்டம் இன்னைக்கு எங்க நிக்குதோ அந்தக் கோடு, அவ்வளவுதான். பெரிய நீரோட்டத்துக்கு நம்ம கரை கண்ணுக்கே தெரியாது, அதுக்குக் கரைன்னா அந்த விளிம்புதான். டர்பனுக்குத் தெக்க போர்ட் செயின்ட் ஜான்ஸ் பக்கமெல்லாம் திட்டு ரொம்பக் குறுகல், பத்து கிலோமீட்டர் சுமாருக்குள்ள விளிம்பு வந்துடும், அதனால நீரோட்டமும் கரைகிட்டயே ஓடும். அதே நீரோட்டம் இன்னும் தெக்க போனா அகுலாஸ் பேங்க்னு ஒரு பெரிய மேடான திட்டு, கரைலருந்து 200 கிலோமீட்டருக்கு மேல கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கு, அங்க நீரோட்டமும் அந்த விளிம்பைப் பிடிச்சுக்கிட்டே அவ்வளவு தூரம் வெளிய விலகிப் போயிடும். நிலத்துக் கரையோட வளைவுக்கும் அதுக்கும் ஒட்டே இல்ல.

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. வங்காளத்துல சர்வேயர் ஜெனரலா இருந்த ஜேம்ஸ் ரென்னல் 1778லயே அந்தத் திட்டையும் அங்க ஓடுற நீரோட்டத்தையும் சேர்த்து வரைபடம் போட்டுட்டாரு. அதுக்கும் முன்னாடி, 1497 டிசம்பர்ல வாஸ்கோ ட காமா கப்பல்கள் அந்தக் கரையில வடகிழக்கா ஏறப் பாத்து, நீரோட்டம் பிடிச்சு வந்த வழியே பின்னால தள்ளிவிட்டுருச்சு. பின்னாலருந்து நல்ல காத்து அடிச்சதாலதான் அதைக் கிழிச்சுக்கிட்டு முன்னேற முடிஞ்சுது, அடுத்த மே மாசம் கோழிக்கோடு வந்து சேர்ந்தாங்க. கரையை ஒட்டி உள்ள வந்தா இழுப்பு குறையும்ங்கறது அந்தக் கடலுக்குப் புதுசா வந்தவங்களுக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: தண்ணி எங்க வேணா பாயும்தானே? அவ்வளவு பெரிய நீரோட்டம் ஏன் திட்டு மேல ஏறி வராம விளிம்போட நின்னுக்குது? என் பத்தாம் கிளாஸ் பசங்க கேட்டாங்க, எனக்குச் சொல்லத் தெரியல.
— நாகர்கோவில் ஆசிரியை

டீச்சர், பசங்க கேட்டது நல்ல கேள்வி, இந்தப் பக்கத்துல இருக்குற எல்லாக் கேள்விக்கும் தாய்க் கேள்வியே அதுதான். பதில், பூமி சுத்துறதுல இருக்கு.

கேம்பிரிட்ஜ்ல ஜி.ஐ. டெய்லர்னு ஒருத்தர் 1920கள் தொடக்கத்துல ஒரு பரிசோதனை பண்ணினாரு. ஒரு தண்ணித் தொட்டி, அதை மேடை மேல வச்சு ஒரே சீரா சுத்த விட்டாரு. தொட்டி அடியில குட்டையா ஒரு உருளை, தண்ணியோட மொத்த உயரத்துல ஒரு பகுதிக்குத்தான் அது நிக்குது, அதுக்கு மேல வெறும் தண்ணி. அந்த உருளையை மெதுவா நகத்திக்கிட்டே மேல் தண்ணியில சாயம் விட்டுப் பாத்தா, சாயம் அந்த வெறும் தண்ணிக்குள்ள நுழையவே இல்ல, கீழ இருந்து மேல வரைக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூண் நிக்கிற மாதிரி சுத்திக்கிட்டு விலகிப் போச்சு. தொட்டியைச் சுத்தாம நிறுத்திட்டுப் பாத்தா அப்படி ஒண்ணும் நடக்காது, தண்ணி சாதாரணமா உருளைக்கு மேல ஏறிப் போயிடும்.

கடலும் பூமியோட சேர்ந்து சுத்துற தொட்டிதான். ஒரு தண்ணித் தூணை எடுத்துக்குங்க, 1000 மீட்டர் உயரம். அது பூமியோட சுழற்சியைத் தனக்குள்ள வச்சிருக்கு. அதைத் திட்டு மேல 200 மீட்டர் ஆழத்துக்கு ஏத்தணும்னா அஞ்சுல ஒரு பங்கு உயரத்துக்கு நசுங்கணும், பக்கவாட்டுல பரவணும். அப்படி நசுங்கினா அதோட மொத்த சுழற்சியும் அதே விகிதத்துல குறைஞ்சாகணும், அதாவது பூமி சுத்துறதுக்கு எதிர்ப்பக்கமா பயங்கர வேகத்துல அது சுழலணும். பெரிய நீரோட்டத்துக்கு அந்த அளவு எதிர்ச் சுழற்சிக்குத் தேவையான வேகம் இருக்காது. அதனால தண்ணிக்கு சுலபமான வழி ஒண்ணுதான், ஆழம் மாறாத பாதையில போறது. ஒரே ஆழத்துல போற பாதைன்னா என்ன, சரிவை ஒட்டி விளிம்புக்கு இணையா போறதுதான்.

முழுக்க முழுக்க டெய்லர் தொட்டி மாதிரியே கடல் நடந்துக்காது, அதையும் பசங்ககிட்ட சொல்லிடுங்க. மேல சூடான லேசான தண்ணி, கீழ குளிர்ந்த கனத்த தண்ணின்னு அடுக்கடுக்கா இருக்குறதால, மேல் அடுக்கு கொஞ்சம் தன் இஷ்டத்துக்கு விளிம்பைத் தாண்டி உள்ள நழுவும். ஆனா மொத்தத்துல அந்தச் சரிவு ஒரு சுவர்தான். உரசல், காத்து, ஓரம் வளையிறது, வெளியிலருந்து ஒரு சுழல் வந்து மோதுறது, இப்படி ஏதாவது ஒண்ணு அந்தக் கட்டுப்பாட்டை உடைச்சாத்தான் விளிம்பைத் தாண்டி தண்ணி போக வர முடியும். மீன் எங்க கூடுது, கப்பல் எங்க உடையுதுங்கறது எல்லாம் அந்த உடையிற இடத்தைப் பொறுத்ததுதான்.

கேள்வி: கப்பலையே ரெண்டா உடைக்கிற ராட்சச அலை தென்னாப்பிரிக்கா பக்கம் வரும்னு ஒரு வீடியோல சொன்னாங்க. நிஜமா, கட்டுக்கதையா?
— சென்னை, பெரம்பூர் வாசகர்

நிஜம். தூத்துக்குடி தம்பியோட கேப்டன் காத்து மாறினதும் உள்ள ஓடி வந்ததுக்குக் காரணமே அதுதான்.

1968 ஜூன் மாசம் வேர்ல்ட் குளோரிங்கற டேங்கர் குவைத்லருந்து கச்சா எண்ணெய் ஏத்திக்கிட்டு வந்துச்சு. சூயஸ் கால்வாய் 1967 போர்ல மூடிட்டதால ஆப்பிரிக்காவைச் சுத்தித்தான் போகணும். டர்பனுக்கு வெளிய ஒரு அலையில சிக்கி ரெண்டா உடைஞ்சு போச்சு. 1973ல நெப்டியூன் சஃபையர்னு ஒரு கப்பல் முன்பக்கத்தையே அப்படியே பறிகொடுத்துச்சு. இதையெல்லாம் தேடிச் சேர்த்து 1974ல மல்லோரிங்கற கடல் அளவையாளர் ஒரு கட்டுரை எழுதினாரு, பத்துக்கு மேற்பட்ட சம்பவங்கள், அதுல திரும்பத் திரும்ப ஒரே கதை: கப்பல் தென்மேற்கா போயிட்டு இருக்கு, முதல்ல வடகிழக்குக் காத்து அடிக்குது, அப்புறம் பாரோமீட்டர் இறங்குது, காத்து சட்டுனு தென்மேற்குக்கு மாறுது, கப்பல் இருக்குற இடம் விளிம்புக்குக் கொஞ்சம் வெளிய, நீரோட்டம் உச்ச வேகத்துல ஓடுற இடம்.

என்ன நடக்குதுன்னா, அண்டார்டிக்காவைச் சுத்தி இருக்குற கடல்ல புயல் கிளப்பி விட்ட நீளமான ஸ்வெல், அதாவது புயலை விட்டு ரொம்ப தூரம் ஓடி வர்ற அலை, தென்மேற்குலருந்து வருது, நீரோட்டம் அதுக்கு நேர் எதிரா போகுது. எதிர்த்து வர்ற தண்ணியில அலை மாட்டிக்கிட்டா அதோட நீளம் சுருங்கும், நீளம் சுருங்கினா உயரம் கூடும், முன்பக்கம் செங்குத்தாகும். இதோட விடல, நடுவுல வேகமாவும் ஓரத்துல மெதுவாவும் நீரோட்டம் ஓடுறதால, எதிர்ல வர்ற அலையோட ஓரங்கள் நடுப்பக்கமா வளைஞ்சு நீரோட்டத்தோட மையத்துலயே குவியும், வெளிய தப்பிக்காது. அது கூட புதுக் காத்துக் கிளப்பின அலையும் சேர்ந்துட்டா 20 மீட்டர் வரைக்கும் போகலாம்னு அந்தப் பக்கத்து மாலுமிகளுக்கு எச்சரிக்கையே இருக்கு. அலை உசரத்தை விட அதுக்கு முன்னால விழுற பள்ளம்தான் ஆபத்து, கப்பலோட மூக்கு அந்தக் குழிக்குள்ள இறங்கி மேல வர்றதுக்குள்ள அடுத்த அலை மேலயே வந்து விழுந்துடும்.

200 மீட்டர் கோட்டுக்கு உள்ள வந்துட்டா நீரோட்டம் இல்ல, அதே காத்து அதே ஸ்வெல்தான் ஆனா அலை ஒழுங்கா இருக்கும். சில கிலோமீட்டர் உள்ள தள்ளிட்டா போதும், அங்க சரிவு அவ்வளவு செங்குத்து. விளிம்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்குறது அங்க உயிர் பிழைக்கிற விஷயம், எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த டேங்கர்ல இருந்தவங்க ஞாபகம்தான் வரும்.

வராட்டாங்கற பயணிகள் கப்பல் 1909 ஜூலைல டர்பன்லருந்து கேப்டவுனுக்குக் கிளம்பி 211 பேரோட காணாமப் போச்சு, இன்னை வரைக்கும் அதோட உடைசல் கிடைக்கல. அதுவும் இந்த அலைதான்னு நிறைய பேர் எழுதுறாங்க, ஆனா நிரூபணம் கிடையாது, அதனால நான் அதைக் கணக்குல சேர்க்க மாட்டேன்.

கேள்வி: திட்டு எல்லா இடத்துலயும் ஏன் நூத்துச் சொச்சம் மீட்டர் ஆழத்துலயே முடியுது?
— ஈரோடு வாசகர்

20,000 வருஷத்துக்கு முன்னாடி பனியுகம் உச்சத்துல இருந்தப்ப கடல் மட்டம் இன்னைக்கு இருக்குறதை விட சுமார் 120 மீட்டர் கீழ இருந்துச்சு. அப்ப கடற்கரையே விளிம்புக்குப் பக்கத்துலதான். அதுக்கு முன்னாடியும் இப்படி ஏறி இறங்கி, அலை அரிச்சும் ஆறு கொட்டின மண்ணு பரவியும் தட்டையான இடம் அது. அதனால பெரும்பாலான கடல்ல விளிம்பு 100லருந்து 200 மீட்டருக்குள்ள வந்துடும். அண்டார்டிக்காவுல மட்டும் பனிப்பாறை செதுக்கினதால இன்னும் ஆழம்.

கேள்வி: தென்னாப்பிரிக்காவுல மத்தி மீன் கூட்டம் கூட்டமா கரையை ஒட்டிப் போறதை டிவில காட்டுனாங்க, டால்பின், சுறா, திமிங்கிலம்னு எல்லாம் துரத்துது. வருஷா வருஷம் ஒரே நேரத்துல எப்படி வருது? நம்ம மத்திக்கும் அதுக்கும் சொந்தமா?
— ராமேஸ்வரம் வாசகர்

சொந்தம்தான், ஆனா வேற இனம். நம்ம மத்தி சூட்டுக் கடல் மீன், அது குளிர்த் தண்ணி மீன். அதுக்குப் பிடிச்சது 20 டிகிரிக்கும் கீழ. மே, ஜூன், ஜூலைல அங்க குளிர்காலம், அப்ப அகுலாஸ் பேங்க்லருந்து ஒரு பகுதி மீன் கிளம்பி கரையை ஒட்டியே வடகிழக்கா டர்பன் பக்கம் வருது. வெளிய சூடான அகுலாஸ் நீரோட்டம் எதிர்ல ஓடுது, அதுக்கும் கரைக்கும் நடுவுல ஒரு குறுகலான குளிர்த் தண்ணி சந்து, அந்தச் சந்துக்குள்ளதான் அவ்வளவு மீனும் நெருக்கி அடிச்சுக்கிட்டு போகுது. திட்டு குறுகலா இருக்குற இடத்துல சந்தும் குறுகிடும், மீன் கரைக்கே வந்துடும். நீங்க டிவில பாத்த காட்சி அதனாலதான் கரைக்கு அவ்வளவு பக்கத்துல.

அந்தக் குளிர்த் தண்ணி எங்கருந்து வருதுங்கறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. நீரோட்டத்துக்குக் குறுக்க கடல் மட்டத்தை அளந்தா வெளிப்பக்கம் முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் உசரமா இருக்கும், கரைப்பக்கம் தாழ்வா இருக்கும். அப்ப தண்ணி ஏன் கரைப்பக்கம் சரிஞ்சு விழல? வேகமா ஓடுற தண்ணியைப் பூமியோட சுழற்சி வெளிப்பக்கமா தள்ளுது, சரிவு உள்பக்கமா தள்ளுது, ரெண்டும் சமமா நிக்குது. ஆனா அடியில, தரையை ஒட்டி ஓடுற தண்ணிக்கு உரசல் இருக்கு, வேகம் குறையுது. வேகம் குறைஞ்சா வெளிப்பக்கத் தள்ளல் குறையும், உள்பக்கத் தள்ளல் அப்படியே இருக்கும், அதனால அந்த அடித்தண்ணி மட்டும் சரிவுல மெதுவா மேல ஏறி விளிம்பைத் தாண்டி திட்டு மேல வந்துடும். டீச்சருக்குச் சொன்னேனே சுவர்னு, அந்தச் சுவர்ல இது ஒரு கசிவு. அப்படி ஏறி வர்றது ஆழத்துத் தண்ணி, குளிர்ச்சி மட்டுமில்ல, நைட்ரேட் மாதிரி உரச்சத்து நிறைய இருக்கு, வெளிச்சம் படுற மட்டத்துக்கு வந்ததும் நுண்பாசி பெருகும், அதைத் தின்னு மீன் பெருகும். குறுகலான திட்டு சட்டுனு அகலமாகுற போர்ட் ஆல்ஃப்ரட் பக்கத்துல இந்த ஏத்தம் ரொம்ப பலமா இருக்கும்.

இன்னொண்ணும் இருக்கு. டர்பனுக்கு வடக்க நேட்டால் பைட்னு ஒரு இடத்துல திட்டு 50 கிலோமீட்டர் வரைக்கும் அகலமாகுது, சரிவும் செங்குத்தா இல்லாம சாய்வா இருக்கு. மத்த இடத்துல சரிவு கெட்டியா பிடிச்சு வச்சிருக்குற நீரோட்டம் இங்க பிடி தளர்ந்து நிக்குது. மொசாம்பிக் பக்கத்துலருந்தோ மடகாஸ்கர் பக்கத்துலருந்தோ ஒரு பெரிய சுழல் இறங்கி வந்து மோதினா நீரோட்டம் வெளிய வளைஞ்சுடும். அந்த வளைவு அப்படியே நாளைக்கு 10, 20 கிலோமீட்டர்னு கீழ்நோக்கி நகந்து போகும், வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவை வரும், நீரோட்டம் விளிம்பை விட்டு 100 கிலோமீட்டருக்கு மேல கூட விலகிடும். இதுக்கு நேட்டால் பல்ஸ்னு பேர், யோஹான் லூட்ஜெஹார்ம்ஸ்ங்கற தென்னாப்பிரிக்க கடலியலாளர் 1988ல இன்னொருத்தரோட சேர்ந்து விவரமா எழுதினாரு. வளைவுக்கு உள்பக்கம் ஒரு குளிர்ச் சுழல் உக்காந்துக்கும், கரையை ஒட்டி தண்ணி தலைகீழா வடகிழக்கா, மத்தி போற அதே திசையில ஓடும்.

2021ல வந்த ஒரு மரபணு ஆய்வு மனசைக் கொஞ்சம் கனக்க வைக்குது. கிழக்குக் கரைக்குப் போற அந்தக் கூட்டத்து மீன்கள் பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கத்துக் குளிர்த் தண்ணி வம்சமாம். விளிம்புல குளிர்த் தண்ணி ஏறினதும் நம்ம இடம்தான்னு நம்பி அதுக்குள்ள போகுது, அது கொஞ்ச நாள்ல அடங்கினதும் சூட்டுக் கடலுக்குள்ள மாட்டிக்குது, வழியெல்லாம் வேட்டைக்காரங்க வேற. அதுக்குப் பெருசா லாபமில்லாத பயணம்னு அந்த ஆய்வு சொல்லுது.

டர்பன் கரையில இந்த மீனுக்குக் கரைவலை போட்டவங்கள்ல நம்ம ஆளுங்களும் உண்டு. 1860ல ட்ரூரோ கப்பல்ல மெட்ராஸ்லருந்து ஆரம்பிச்ச ஒப்பந்தக் கூலிப் பயணம், கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிஞ்சதும் கொஞ்சம் பேர் டர்பன் துறைமுகத்தைச் சுத்தி மீன்பிடியில இறங்கிட்டாங்க.

கேள்வி: கண்டம் முடிஞ்சதும் அந்த நீரோட்டம் என்ன ஆகும்? நேரா அட்லாண்டிக் போயிடுமா?
— திருச்சி வாசகர்

பெரும்பகுதி போகாது. தேரை நேர் வீதியில இழுக்குறது ஒரு மாதிரி, முக்குல திருப்புறது வேற மாதிரி. வீதி முடிஞ்சதும் வந்த வேகத்துல கொஞ்சம் தாண்டிப் போய்த்தான் திரும்பும். அகுலாஸும் பேங்க்கோட தென்முனையில பிடிச்சிருந்த விளிம்பு கைவிட்டுப் போனதும் தென்மேற்கா வெட்ட வெளிக் கடல்ல பாய்ஞ்சு, அப்புறம் ஒரே வளைவா வளைஞ்சு கிழக்கு நோக்கி இந்தியப் பெருங்கடலுக்கே திரும்பி ஓடுது. அந்த வளைவு சில சமயம் தன்னையே தொட்டுக்கும், அப்ப ஒரு வளையம் அறுந்து தனியா போகும், 200, 300 கிலோமீட்டர் அகலம், வருஷத்துக்கு அஞ்சாறு. இந்தியப் பெருங்கடலோட சூடும் உப்பும் அந்த வளையங்கள் வழியாத்தான் அட்லாண்டிக்குக்கு நிறைய போய்ச் சேருது, வட அட்லாண்டிக் வரைக்கும் இருக்குற பெரிய கடல் சுழற்சிக்கு இது ஒரு முக்கிய வரத்து. முன்ன சொன்ன நேட்டால் பல்ஸ் சிலது அங்க வரைக்கும் வந்து வளையம் அறுபடுறதுலயும் கை வைக்குது.

கேள்வி: எங்க அப்பா காலத்துலருந்து வாட்ஜ் பேங்க்லதான் தொழில். கடல்ல நீவாடு (நீரோட்டம்) ஒரு நாள் இப்படியும் ஒரு நாள் அப்படியும் இழுக்கும், வலை போட்டா எங்கயோ கொண்டு போயிடும். நீங்க சொல்ற மாதிரி நம்ம கடல்லயும் விளிம்பு வேலை செய்யுதா?
— கன்னியாகுமரி மாவட்ட மீனவர்

செய்யுது அண்ணே, ஆனா நம்ம கடல் அகுலாஸ் மாதிரி வருஷம் பூரா ஒரே திசையில ஓடுறதில்ல. கிழக்குக் கரையில நீரோட்டம் வருஷத்துக்கு ரெண்டு தடவை திரும்புது. பிப்ரவரிலருந்து மே வரைக்கும், குறிப்பா மார்ச் ஏப்ரல்ல, விளிம்பை ஒட்டி வடக்கா நல்ல பலமா ஓடும். அக்டோபர்லருந்து டிசம்பர்ல தெக்கா திரும்பிடும், அப்ப வங்காள விரிகுடாவோட உப்புக் குறைஞ்ச ஆத்துத் தண்ணி இலங்கை வரைக்கும் இறங்கி வரும். நடு நடுவுல சுழல்கள் வேற, அதனால நீங்க கடல்ல அன்னன்னைக்குப் பாக்குற இழுப்பு இந்த மாசக் கணக்கோட ஒத்துப்போகணும்னு அவசியமே இல்ல.

மேற்குப் பக்கம், கேரளாலருந்து உங்க குமரிக் கரை வரைக்கும், தென்மேற்குப் பருவமழை மாசங்கள்ல, ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும், காத்தும் நீரோட்டமும் சேர்ந்து கரைத் தண்ணியை வெளிய தள்ளுது, அந்த இடத்தை நிரப்ப விளிம்புக்கு அந்தப்புறமிருந்து அடித்தண்ணி திட்டு மேல ஏறுது. குமரியில ஜூலை மாசம் கடல்ல இறங்கினா சில்லுன்னு இருக்கும், அது மழையால மட்டுமில்ல. நெய் மத்தி பெருகுறதுக்கு அடிப்படையும் இதுதான். இதுல ஒரு கெட்டதும் இருக்கு, ஏறி வர்ற அடித்தண்ணியில ஆக்சிஜன் கம்மி, ரொம்ப ஏறிட்டா அடிமீன்கள் அந்த இடத்தை விட்டு விலகிடும்.

வாட்ஜ் பேங்க் அப்படியே அகுலாஸ் பேங்க்கோட சின்னத் தம்பி மாதிரிதான் இருக்கு. முனைக்குத் தெக்க நீட்டிக்கிட்டு இருக்குற மேட்டுத் திட்டு, ரெண்டு பக்கக் கடலும் சந்திக்கிற இடம், பருவத்துக்குத் தகுந்த மாதிரி நீரோட்டம் ஒரு தடவை கிழக்க, ஒரு தடவை மேற்க அதோட விளிம்பைச் சுத்திக்கிட்டு போகுது. 1976ல இலங்கையோட போட்ட ஒப்பந்தத்துல இந்தப் பகுதி இந்தியாவோடதுன்னு எழுதினாங்க, எழுதும்போது இது சும்மா தண்ணி இல்ல, மீன் விளையிற நிலம்னு ரெண்டு பக்கத்துக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு. இதோட விளிம்பைக் கெடுக்குற எந்த வேலைக்கும் முன்னாடி அங்க தொழில் பண்றவங்ககிட்ட கேக்கணும்ங்கறது என் உறுதியான கருத்து.

ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் வச்சு கடல் மேல்மட்டச் சூட்டையும் பாசியோட நிறத்தையும் பாத்து மீன் கூடுற இடம் எதுன்னு தமிழ்லயும் தகவல் குடுக்குது. சூட்டுத் தண்ணியும் குளிர்த் தண்ணியும் உரசுற கோட்டைத்தான் அவங்க தேடுறாங்க. அந்தக் கோடு நிறைய நாள் விளிம்பை ஒட்டியே விழும். மேகம் மூடின மழை மாசத்துல செயற்கைக்கோள் கண்ணுக்கு அது தெரியாது, அப்ப உங்க அனுபவம்தான் வழி.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன், உயிரியல் இல்லாத குரூப். நீரோட்டம் பத்தி ஆராய்ச்சி பண்ண முடியுமா, என்ன படிக்கணும்?
— கடலூர் மாணவி

தாராளமா முடியும்மா, உன் குரூப்தான் இதுக்குச் சரியான குரூப். நீரோட்ட ஆராய்ச்சிங்கறது இயற்பியலும் கணக்கும்தான், மீனைப் பத்திக் கட்டாயம் படிச்சே ஆகணும்னு இல்ல. பி.எஸ்சி. இயற்பியல் இல்ல கணிதம் முடிச்சுட்டு கொச்சி பல்கலைக்கழகத்துல கடலியல்ல மேல்படிப்புக்குப் போகலாம், இன்ஜினியரிங்னா சென்னை ஐஐடில ஓஷன் இன்ஜினியரிங் இருக்கு. ஆராய்ச்சிக்குப் பெங்களூர் ஐஐஎஸ்சி, கோவாவுல தேசிய கடலியல் நிறுவனம். கருவி செய்யிறதுல ஆசைன்னா சென்னை பள்ளிக்கரணையில என்ஐஓடி (தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம்) இருக்கு, உங்க ஊர்லருந்து ஒரு பஸ்ல போயிடலாம். இப்பவே கால்குலஸை விடாம போடு, கம்ப்யூட்டர்ல பைத்தான் பழகிக்கோ. நீரோட்ட டேட்டா நிறைய இன்டர்நெட்ல இலவசமாவே கிடைக்குது, டவுன்லோட் பண்ணி கடலூருக்கு வெளிய ஒரு வருஷத்துல நீரோட்டம் எந்த மாசம் திரும்புதுன்னு நீயே வரைஞ்சு பாரு, வந்த படத்தை எனக்கு அனுப்பு, அடுத்த இதழ்ல போடுறேன்.